அந்தரியாமி: தமிழ்க் கிறிஸ்தவர் அன்றாட வாழ்வில் இறைப்பிரசன்னம்

அந்தரியாமி என்பது 'உள்ளிருந்து இயக்குபவன்' எனப் பொருள்படும் வடசொல். பிருகதாரண்யக உபநிடதத்தில் காணப்படும் இச்சொல், இராமானுசரின் விசிட்டாத்துவைதத்தில் முதன்மையான இடம் பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் பிறந்த இரு கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் இதே சொல்லைத் தங்கள் சமய அனுபவத்தை விளக்கக் கையாண்டனர். கடவுள் ஆலயத்தில் மட்டும் இருக்கிறாரா, அடுக்களையிலும் வயலிலும் ஆலையிலும் கூடவா என்ற கேள்விக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடந்த மூன்று நூற்றாண்டுகளில் தந்த விடைகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இச்சொல்லோடு பழைய உறவு உண்டு. இராமானுசர் 1017-இல் பிறந்த திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையில்தான் பூந்தமல்லி இருக்கிறது. அது திருக்கச்சி நம்பிகளின் ஊர். அந்தணர் அல்லாத நம்பிகள், காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசும் ஆலவட்டக் கைங்கரியம் செய்துவந்தார். அப்படி வீசும் வேளையில் பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. இராமானுசரின் ஐயங்களுக்குப் பெருமாள் தந்த ஆறு வார்த்தைகளும் நம்பிகள் வழியாகவே வந்தன என்பர். நாள்தோறும் கையால் செய்யும் ஒரு சிறு வேலையில் இறைவன் உடனிருப்பதை உணர்வது என்பது கிறிஸ்தவம் இங்கு வேரூன்றும் முன்பே இம்மண்ணில் இருந்த எண்ணம் என்பதை மனத்தில் கொண்டால், பின்னால் வந்தவை எளிதில் விளங்கும்.

சமுகம் என்னும் சொல்

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் விவிலியத்தைத் தமிழாக்கியபோது, கடவுளின் உடனிருப்பைக் குறிக்கப் பல சொற்களைத் தேட வேண்டியிருந்தது. சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்து 1791-இல் மறைந்த பெப்ரிசியஸின் மொழிபெயர்ப்பும், 1871-இல் போவர் குழுவினர் திருத்திய மொழிபெயர்ப்பும் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினரின் பேச்சுமொழியையே உருவாக்கின. அவற்றின் வழியே நிலைபெற்ற சொற்களுள் ஒன்று 'சமுகம்'. ராஜசமுகம், மகாசமுகம் என்று அரண்மனை வழக்கில் இருந்த சொல் அது. மன்னரின் முன்னிலையில் நிற்பவனுக்குள்ள அச்சமும் பணிவும் அச்சொல்லோடு சேர்ந்தே வந்தன. 'தேவசமுகத்தில் வந்திருக்கிறோம்' என்று இன்றும் வீட்டு ஜெபங்களில் பெரியவர்கள் தொடங்குவதன் பின்னணி இதுவே.

அதே மொழிபெயர்ப்பில், ஆசரிப்புக் கூடாரத்தில் மேசைமேல் வைக்கப்பட்ட அப்பத்துக்குச் 'சமுகத்தப்பம்' என்று பெயர். அரண்மனைச் சொல் ஒன்று சாப்பாட்டுப் பொருளோடு ஒட்டிக்கொண்டது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் உணவும் இறைமுன்னிலையும் தமிழ்க் கிறிஸ்தவர் வரலாற்றில் மீண்டும் மீண்டும் சந்தித்துக்கொண்டன. 'தேவ பிரசன்னம்' என்ற இன்றைய வழக்கு, அருள் மலர்ந்த முகம் என்ற பொருளுடைய சமயச் சொல்லிலிருந்து வந்தது. கத்தோலிக்க, பொதுமொழிபெயர்ப்பு வழக்கில் 'திருமுன்' என்ற அழகிய தமிழ்ச் சொல் பரவியுள்ளது.

ஏற்றம் மிதித்தவர்களின் பாட்டு

மொழிபெயர்ப்பு விவிலியம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு உதவியது. எழுத்தறியாத உழவருக்கும் கூலியாளுக்கும் இறையுணர்வைக் கொண்டு சென்றது பாட்டு. இதில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஆற்றிய பணி பெரிது. திருநெல்வேலியில் பிறந்த இவரைச் சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் மாணவர். சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியைப் பலரும் அறிவர். ஆனால் இக்கட்டுரையின் பொருளுக்கு அதைவிட நெருக்கமானது அவர் பாடிய ஞான ஏற்றப்பாட்டு.

ஏற்றத்தில் ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பர். கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்குப் பாட்டிலேயே ஓடும். பாட்டு நின்றால் கணக்கும் தவறும், கால் அடியும் தவறும். எனவே உழவனின் வாயில் விடியற்காலையில் எப்படியும் ஒரு பாட்டு இருந்தாக வேண்டும். அந்தப் பாட்டின் மெட்டையும் எண்ணிக்கையையும் அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினார் சாஸ்திரியார். ஜெபத்துக்கென்று தனி நேரம் ஒதுக்க இயலாத ஒருவனுக்கு வேலை நேரமே ஜெப நேரமாகிவிடுகிறது. உலா, நொண்டி, குறவஞ்சி என்று மக்கள் ஏற்கெனவே ரசித்த வடிவங்களையே அவர் எடுத்தார். ஞானத்தச்ச நாடகத்தில் தச்சுவேலையின் மொழியிலேயே சமயப் பொருள் பேசப்படுகிறது. சமயத் தத்துவ நூல்கள் சொல்லாத ஒன்றை இந்த ஏற்றப்பாட்டு நடைமுறையில் செய்து காட்டியது என்று கூறலாம்.

பந்தியில் தோன்றிய சிக்கல்

ஆனால் இதே தஞ்சைச் சபையில்தான் இறைப்பிரசன்னம் பற்றிய பெரிய சோதனையும் வந்தது. ஆலயத்தில் வெள்ளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மறுபுறமும் அமர்வது, நற்கருணைக் கிண்ணத்தை முன்பின்னாகப் பருகுவது போன்ற வழக்கங்கள் பல தலைமுறைகளாக நிலவின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இளைய மிஷனரிமார் இவற்றை நீக்க முயன்றனர். சாஸ்திரியார் வெள்ளாளர் தரப்பில் நின்று சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதினார். ஏற்றம் இறைப்பவனின் வாயில் இறைவனை வைத்த புலவர், அவனோடு ஒரே வரிசையில் அமர ஒப்பவில்லை. அவர் புகழைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுதவும் முடியாது.

1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டு விலகினர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மிஷனரிகள் சிலர், சபை ஊழியர் எல்லாச் சாதியினரோடும் சேர்ந்து உண்ணும் 'அன்பின் விருந்தை' ஒரு தேர்வாகவே வைத்தனர். இறைவன் எங்கும் இருக்கிறார் என்று எளிதாகப் பாடிவிடலாம். அடுத்த இலையில் அமர்ந்திருப்பவனிடத்தில் அவர் இருக்கிறார் என்று ஏற்பதுதான் அரிதாக இருந்தது. வெளிநாட்டார் கட்டளையிட்ட முறை சரியா என்பது வேறு கேள்வி. அவர்கள் எழுப்பிய வினா நியாயமானது. அது இன்னும் தீரவில்லை என்பதற்கு, தமிழகத்தின் சில ஊர்களில் நீடிக்கும் தனிக் கல்லறைகளே சான்று.

சக்கரை செட்டியார்

வெங்கல் சக்கரை செட்டியார் (1880–1958) சென்னையில் ஓர் இந்துச் செட்டியார் குடும்பத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லரின் தாக்கம் அவர்மீது ஆழமாக இருந்தது. 1903-இல் திருமுழுக்குப் பெற்றார். சட்டம் பயின்று சில காலம் வழக்குரைஞராக இருந்தபின், டேனிஷ் மிஷன் சார்பில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நற்செய்திப் பணி செய்தார். தன்னாட்சி இயக்கத்திலும் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திலும் ஈடுபட்டார். 1941–42-இல் சென்னை மாநகர மேயர். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் விளங்கினார். ஒரு சமயச் சிந்தனையாளருக்கு இப்படியொரு வாழ்க்கைக் குறிப்பு அமைவது அபூர்வம்.

அவருடைய 'ஜீசஸ் தி அவதார்' 1920களின் பிற்பகுதியிலும், 'தி கிராஸ் அண்ட் இண்டியன் தாட்' 1932-இலும் வெளிவந்தன. இரண்டும் ஆங்கில நூல்கள். அவற்றின் மையக் கருத்தைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். வைணவ மரபில் அவதாரங்கள் ஒரு பணிக்காக வந்து, பணி முடிந்ததும் திரும்பிவிடுகின்றன. இயேசுவின் அவதாரம் அப்படி முடிந்துபோனதன்று. அவர் எடுத்த மனிதத் தன்மை நீங்கவில்லை. உயிர்த்தெழுந்த அவர் தூய ஆவியாக மனிதருக்குள் தொடர்ந்து இயங்குகிறார், அவரே அந்தரியாமி. எனவே கிறிஸ்துவை அறிய 2000 ஆண்டுகளுக்கு முந்தைய பாலஸ்தீனத்தை மட்டும் பார்ப்பது போதாது. இன்று தன்னுள்ளும் பிறரிடத்தும் அவர் செய்துகொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

தூய ஆவியையும் உயிர்த்த கிறிஸ்துவையும் ஒன்றாகக் கூறியதால் திரித்துவக் கோட்பாடு குழம்புகிறது என்று இறையியலார் குறை கண்டனர். அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் அவர் ஆலோசனைக் கூடத்தில் அமர்ந்து கோட்பாடு வகுத்தவர் அல்லர். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. அதையடுத்து வந்த ஆண்டுகளில் சென்னைத் தொழிலாளர் மேடைகளில் திரு.வி.க., சிங்காரவேலர் ஆகியோரோடு சக்கரையின் பெயரும் சேர்ந்தே ஒலித்தது. சைவரான திரு.வி.க.வோ இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, பின் அங்கேயே தமிழாசிரியராக இருந்தவர். 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்ற நூலையும் இயற்றியவர். உழைப்பவனிடம் இறைவனைக் காண்பது இவர்களுக்கு இரு சமயங்களின் வழியே கிடைத்த பொது நம்பிக்கையாக இருந்தது. சிங்காரவேலர் பொதுவுடைமையர், நாத்திகர். அவரும் அதே மேடையில் நின்றார் என்பதை மறந்துவிடக் கூடாது.

சக்கரையின் மைத்துனர் முறையான நீதிபதி பா. செஞ்சையாவும் இதே வட்டத்தைச் சேர்ந்தவர். 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடிய வேளையில் இவர்கள் வெளியிட்ட 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இண்டியா' என்னும் தொகுப்பு பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

அப்பாசாமி

அ. ஜே. அப்பாசாமி (1891–1975) பாளையங்கோட்டையில் பிறந்தவர். சைவத்திலிருந்து தம் 24ஆம் வயதில் கிறிஸ்தவரான இவருடைய தந்தையார் திவான் பகதூர் அப்பாசாமி பிள்ளை, முதுமையில் யோகப் பயிற்சியிலும் ஈடுபட்டவர். வீட்டில் கண்ட இந்த வாழ்க்கையே மகனின் ஆராய்ச்சிக்கு விதையானது எனலாம். அமெரிக்காவிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற அப்பாசாமி, யோவான் நற்செய்தியின் அகவழிபாட்டைப் பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு 1922-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, சாது சுந்தர் சிங் பற்றிப் பேராசிரியர் ஸ்ட்ரீட்டரோடு இணைந்து எழுதிய நூல் வெளிவந்திருந்தது.

1927-இல் வெளியான 'கிறிஸ்டியானிட்டி ஆஸ் பக்தி மார்க' என்ற நூலில் அவர் யோவான் நற்செய்தியின் 'நிலைத்திருத்தல்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். இறைவனோடு ஒன்றாதல் என்பது துளி கடலில் கரைவது போன்றதன்று. அன்பும் கீழ்ப்படிதலும் உள்ள இருவரின் உறவு. ஆகவே வீடுபேறு இறந்தபின் கிடைக்கும் ஒன்றாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அன்றாடக் கடமைகளுக்கு நடுவே இப்போதே தொடங்கிவிடுகிறது. உலகம் இறைவனின் உடல் என்ற இராமானுசரின் உவமையையும் அவர் எடுத்தாண்டார். நற்கருணை, திருச்சபை ஆகியவற்றையும் அதே உவமையால் விளக்கினார். 1950-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயரான பின்னும் இந்த எண்ணங்களை அவர் கைவிடவில்லை. வைணவராகப் பிறந்து இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கையை அவர் 1966-இல் நூலாக எழுதினார்.

சக்கரைக்கும் அப்பாசாமிக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. சக்கரையின் அந்தரியாமி கிளர்ச்சியும் மாற்றமும் செய்பவர். அப்பாசாமியின் அந்தரியாமி அமைதி தருபவர். நூலாசிரியர் என்ற முறையில் அப்பாசாமி தெளிவானவர். ஆனால் ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து ஓடும் ஒருவருக்குச் சக்கரையே நெருக்கமாகத் தோன்றுவார். இருவரும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியதால் அவர்களுடைய கருத்துகள் தமிழ்ச் சபைகளின் மக்களை அதிகம் சென்றடையவில்லை. இது ஒரு பேரிழப்பு.

ஆசிரமங்கள்

நூல்களில் எழுதப்பட்டதை வாழ்ந்து பார்க்க முயன்ற இடங்கள் சில. 1921-இல் மருத்துவர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனர். கதர் உடுத்து, தரையில் அமர்ந்து உண்டு, நோயாளிகளைக் கவனிப்பதே அவர்கள் வழிபாட்டின் பெரும்பகுதியாக இருந்தது. அங்குள்ள ஆலயம் திராவிடக் கோயில் அமைப்பில் கட்டப்பட்டது. 1950-இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் மொன்ஷானினும் லெ சோவும் தொடங்கிய சாந்திவனம் கத்தோலிக்கர் தரப்பில் இதற்கு இணையானது. அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ சோ, ஜெபம் என்பது எப்போதும் இறைமுன்னிலையில் இருப்பதை உணர்வதே என்று எழுதினார்.

பிடி அரிசி

சிந்தனையாளர்கள் எழுதத் தொடங்குமுன்பே, அவர்கள் எழுதியதைப் படிக்காமலேயே, பெண்கள் அடுக்களையில் ஒரு வழக்கத்தைப் பேணி வந்தனர். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவர். வாரமோ மாதமோ முடிந்ததும் அதை ஆலயத்தில் சேர்ப்பர். ஊழியரின் உணவுக்கோ ஏழைகளுக்கோ அது பயன்படும். ஏலத்தில் விடுவதும் உண்டு. பிடி அரிசி எடுப்பது இந்து மடங்களிலும் உள்ள தொன்மையான வழக்கம். வடகிழக்கே மிசோரம் மாநிலப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் இதையே செய்து, சபையின் முக்கிய வருவாயாக வளர்த்திருக்கின்றனர்.

இதில் கவனிக்கத்தக்கது, அரிசி எடுக்கும் நேரம். சமைத்து உண்டு மிஞ்சியதில் கொடுப்பதன்று இது. அளக்கும்போதே, வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணும்போதே, இன்னொருவரையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறாள் அந்தப் பெண். அரிசி குறைவாக உள்ள நாளில் அந்தப் பிடி சிறிதாகும்; ஆனால் நின்றுவிடாது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் பீடத்தின் முன் இருப்பதுபோலவே இறைவனை உணர்ந்ததாகக் கூறியவர். 1691-இல் அவர் இறந்தபின் தொகுக்கப்பட்ட அவர் கடிதங்களும் உரையாடல்களும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு அடுக்களைகளின் பிடி அரிசிக் கலயத்தைப் பற்றி அப்படி ஒரு நூலை யாரும் தொகுக்கவில்லை.

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானதும், பாடி, மண்ணூர்பேட்டை, கொரட்டூர், ஆவடிப் பகுதிகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வேலை தேடி வந்தன. ஆலய மணியோசை கேட்கும் தூரத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் இப்போது ஒண்டுக்குடித்தன வீடுகளில் குடியேறினர். ஊரில் அந்தி வேளையில் நடந்த குடும்ப ஜெபம், மூன்று ஷிப்டு முறையில் நடக்கும் வீட்டில் எந்த நேரத்தில் நடப்பது? தந்தை இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடமாக அது சுருங்கியது. ஞாயிறு ஓவர்டைம் வந்தால் ஆராதனை தவறியது. ஆயுத பூஜை நாளில் உடன் வேலை செய்வோர் இயந்திரத்தைக் கழுவிப் பொட்டிட்டு வணங்கும்போது கிறிஸ்தவத் தொழிலாளி என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. சிலர் அன்று விடுப்பு எடுத்தனர். சிலர் இயந்திரத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று, பொரியை மட்டும் வாங்கிக்கொண்டனர். இன்னும் சிலர் காலையில் ஸ்விட்சைப் போடுமுன் ஒரு கணம் கண்மூடுவதை எல்லா நாளுக்குமான வழக்கமாக்கிக்கொண்டனர். கைவிரல்கள் நசுங்கும் பிரஸ் இயந்திரங்களின் முன் நின்றவர்களுக்கு அந்த ஒரு கணம் வெறும் சடங்கு அன்று.

ஆலயம் தூரமானதால் வீடுகளே ஆலயமாயின. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டங்கள், புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம், ஆண்டின் முதல் நாள் ஆராதனையில் எடுத்து வந்து நிலைப்படிக்கு மேல் ஒட்டும் வாக்குத்தத்த அட்டை ஆகியவை இப்பகுதித் தெருக்களில் இன்றும் காணக்கூடியவை. வீட்டு ஜெபத்துக்கு வருவோர்க்குக் காப்பியும் சுண்டலும் கொடுப்பது வழக்கம். அதைக் கொடுப்பவர் யார், வாங்கிக் குடிப்பவர் யார் என்று பார்த்தால், தஞ்சையில் 1830களில் தகராறுக்குக் காரணமான பந்தி இங்கே ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. வாடகை வீட்டுச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பல ஊர்க்காரர், பல சாதியார், பக்கத்து வீட்டு இந்துப் பெண்மணி உட்பட, ஒரே பாயில் அமர்கின்றனர். திருமணப் பேச்சு வரும்போது பழைய கோடுகள் மீண்டும் தெளிவாகத் தெரிகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிடி அரிசிக் கலயம் பெரும்பாலான வீடுகளிலிருந்து மறைந்துவிட்டது. குக்கரில் ஆழாக்கு அளவில் அரிசி போடும் வீட்டில் பிடிக்கு இடமில்லை. அதற்குப் பதில் சபைகள் காணிக்கை உறைகளைத் தருகின்றன. ஆயினும் சில பாட்டிமார் ரேஷன் அரிசியிலிருந்து ஒரு பிடியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் துணிப்பையில் கட்டி ஆலயத்துக்கு எடுத்துச் செல்கின்றனர். அந்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாத இளம் போதகர்கள் அதைத் திருச்சபையின் அருகில் வாழும் ஏதேனும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தனுப்புவதுண்டு.